கொட்டகைக்குக் கரண்ட்: பல்பு எரிந்தால் எர்த் நல்லது என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி – எலக்ட்ரீஷியன் பதில்

தோட்டத்தின் கோடியில் ஒரு கொட்டகை. அதற்கு ஒரு லைட், இரண்டு பிளக் பாயிண்ட். அரை நாள் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இந்த முறை வந்த கடிதங்களைப் படித்து முடித்தபோது எனக்குக் கவலையே மிஞ்சியது. மற்ற தலைப்புகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, கொட்டகைக் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். அவற்றில் ஒன்று அவசரமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் கொட்டகைக்கு வரும் கேபிளில் இரண்டு வயர்தான் இருக்கிறது. எர்த் வயர் இல்லை. என் கணவர் பிளக் பாயிண்டைக் கழற்றி, நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்குச் சின்னதாக ஒரு வயர் போட்டு இணைத்துவிட்டார். "ரெண்டும் கடைசியில ஒரே இடத்துக்குத்தானே போகுது" என்கிறார். கிரைண்டிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. இது சரிதானா?

பதில்: அம்மா, இதைப் படித்த கையோடு வீட்டு மெயின் போர்டில் கொட்டகைக்குப் போகும் லைனை ஆஃப் செய்துவிடுங்கள். அந்தச் சின்ன வயரை எடுக்கும் வரை ஆன் செய்ய வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் சப்ளை புறப்படும் இடத்தில் ஒன்றாகச் சேர்வது வழக்கம்தான். ஆனால் ஒருமுறை பிரிந்து வீட்டுக்குள் வந்த பிறகு அவை மறுபடி சேரவே கூடாது. சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் தண்ணீர் மோட்டாரை வைத்தே சொல்கிறேன்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் எங்கோ நியூட்ரல் வயர் விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். நீங்கள் சுவிட்சைப் போடுகிறீர்கள். ஃபேஸ் வயரில் வரும் கரண்ட் மோட்டாரின் சுற்று வழியாக நியூட்ரல் முனைக்கு வருகிறது. திரும்பிப் போக வழியில்லை. அங்கே நிற்கும் 230 வோல்ட்டும் அந்தச் சின்ன வயர் வழியாக எர்த் பின்னுக்கும், அங்கிருந்து மோட்டாரின் இரும்பு உடம்புக்கும் வந்துவிடுகிறது. மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாகவே ஆஃப் ஆகும் சுவிட்ச், விழாது, ஏனென்றால் கரண்ட் எங்கும் ஓடவில்லை. மோட்டார் மட்டும் ஓடாமல் நிற்கும். ஓடாத மோட்டாரைப் பார்த்ததும் நாம் என்ன செய்வோம்? கிட்டே போய்க் கை வைத்துப் பார்ப்போம். ஈர மண்ணில் நின்றுகொண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது ஒரு ஜாயிண்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், நியூட்ரல் விட்டுப்போகும் வரை காத்திருக்கவே வேண்டாம். அந்த நிமிடமே எல்லா மெஷின் உடம்பும் லைவ்.

வயரை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. எர்த் இல்லாத பாயிண்டில் இரும்பு உடம்புள்ள எதையும் சொருகக் கூடாது. முறையான எர்த் வரும் வரை மோட்டாரும் கிரைண்டரும் காத்திருக்கட்டும். அந்த முறையான எர்த் எப்படி இருக்க வேண்டும் என்பது அடுத்த கடிதத்தில் வருகிறது.

கேள்வி: வீட்டிலிருந்து 35 மீட்டர் தள்ளித் தச்சுக் கொட்டகை போட்டிருக்கிறேன். இரண்டு கோர் கேபிளைப் பள்ளம் தோண்டிப் புதைத்தாயிற்று. எர்த்துக்காகக் கொட்டகை ஓரத்தில் நாலடி எர்த் ராடு அடித்து, அதிலிருந்து பிளக் பாயிண்டுகளுக்கு வயர் இழுத்தேன். ஃபேஸுக்கும் ராடுக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டு போர்டில் இந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருக்கிறேன்.

பதில்: தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே பல்பை நம்பினேன். தோட்டத்து அறை ஒன்றில் வாஷிங் மெஷினுக்கு எர்த் ராடு அடித்து, பல்பு எரிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மெஷினைத் தொட்டால் "சுர்ருன்னு இருக்கு" என்றார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கூட வந்தார். மெஷின் உடம்புக்கும் பக்கத்து ஈரத் தரைக்கும் நடுவே மீட்டரை வைத்தார். முள் 190 வோல்ட்டில் போய் நின்றது. எம்.சி.பி. விழவில்லை, ஃப்யூஸ் போகவில்லை. ஹீட்டர் உறை பழுதாகி ஃபேஸ் உடம்பில் இறங்கி எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. அந்த வீட்டுக்காரர் ரப்பர் செருப்பு போடும் பழக்கமுள்ளவர். அதனால் பிழைத்தார். அந்த மீட்டர் முள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 530 ஓம். எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. சுமாரான தோட்ட மண்ணில், மண்ணின் தன்மை 100 ஓம்-மீட்டர் என்று வைத்தால், 16 மில்லிமீட்டர் தடிமனில் நாலடி ராடு ஒன்று 70 ஓம் அளவு காட்டும். 530-க்கு முன்னால் 70 சின்ன எண். பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேலேயே கிடைத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எல்.இ.டி. பல்பாக இருந்தால் இன்னும் மோசம். அது இழுக்கும் கரண்ட் அத்தனை குறைவு, 200 ஓம் எர்த்திலும் பளிச்சென்றுதான் எரியும். நியான் டெஸ்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்பு எரிந்தால் மண் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் தெரியும். கோளாறு வந்தால் லைன் கட் ஆகுமா என்பதை அது சொல்லாது.

நமக்குத் தெரிய வேண்டியதோ அதுதான். உங்கள் மரம் இழைக்கும் மெஷினில் ஃபேஸ் வயர் தேய்ந்து உடம்பைத் தொடுகிறது. கரண்ட் எர்த் வயர் வழியாக ராடுக்கு, ராடிலிருந்து மண்ணுக்கு, மண் வழியாகச் சப்ளையின் எர்த்துக்குப் போகிறது. 230-ஐ 70-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 3.3 ஆம்பியர் என்றால் யாரோ ஒரு இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்கள் என்று கணக்கு. நாள் முழுக்க அப்படியே விட்டுவைக்கும். 'பி' வகை எம்.சி.பி. சட்டென்று விழ 80 ஆம்பியர் வரை வேண்டும், 'சி' வகைக்கு 160 வரை வேண்டும். 80 ஆம்பியர் ஓட வேண்டுமானால் முழு வழியும் சேர்ந்து 2.9 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஒரு ராடை அடித்து அந்த எண்ணைத் தோட்டத்தில் வாங்க முடியாது. ஆகவே மெஷின் உடம்பு ஏறக்குறைய முழு வோல்ட்டேஜில் நிற்கும், ராடைச் சுற்றியுள்ள மண் சூடாகும், மீட்டர் ஓடும். எதுவும் விழாது.

எர்த் வயர் வீட்டிலிருந்து செம்பாகவே, அதாவது மூன்றாவது கோராக, வந்திருந்தால் கதை வேறு. பல வீடுகளில் சப்ளைக்காரர்கள் கொடுக்கும் எர்த் வழியாக அந்த முழுச் சுற்றும் ஒரு ஓமுக்குள் அடங்கிவிடும். இருநூறு ஆம்பியருக்கு மேல் பாயும், எம்.சி.பி. கண் சிமிட்டும் முன் விழும். செம்பு கடத்துகிற மாதிரி மண் கடத்தாது. ராடு அடித்தவர்கள் எல்லோரும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ராடு வீணா? இல்லை. அதற்குத் துணையாக ஆர்.சி.சி.பி. வேண்டும். அது ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் கருவி. போனது திரும்பவில்லை என்றால் வேறெங்கோ கசிகிறது என்று பொருள், உடனே கட் பண்ணிவிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்றால் அந்த அளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். அதைப் போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 வினாடிக்குள். உங்கள் கொட்டகையில் ஓடப்போவது 3.3 ஆம்பியர், அதாவது நூறு மடங்குக்கு மேல். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாத அந்தக் கோளாறு ஆர்.சி.சி.பி.க்கு மிகப் பெரியது. 70 ஓம் எர்த்தும் அப்போது நல்ல எர்த்தாகிவிடுகிறது.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் எதற்கு? எர்த் இல்லாவிட்டால் மெஷின் உடம்பில் கரண்ட் இறங்கி அங்கேயே நிற்கும், கசிய வழியில்லை, ஆர்.சி.சி.பி.க்கு ஒன்றும் தெரியாது. முதலில் தொடுகிறவர் உடம்புதான் வழியாகும். அப்புறம்தான் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே விழுந்திருக்கும்.

30 மில்லிஆம்பியர் என்பது யாரோ கண்ணை மூடிக்கொண்டு சொன்ன எண் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், கையில் பிடித்த கம்பியை ஒருவர் தானாக விட்டுவிட முடிகிற கடைசி அளவு எது என்று தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை கம்பியை விடாது. அதற்கும் மேலே, நேரமும் நீண்டால், இதயத் துடிப்பு குலைகிறது. கசிவைக் கண்டு கட் பண்ணும் கருவி ஒன்றை 1961-இல் அவரே உருவாக்கினார். ஆகவே ஆர்.சி.சி.பி. இருக்கும் இடத்திலும் ஷாக் அடிக்கும், வலிக்கும். உயிர் போகும் அளவுக்கு நீளாது, அவ்வளவுதான். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் அதற்கு அதுவும் தெரியாது, பல்பு எரிகிறது என்றே நினைத்துக்கொள்ளும்.

உங்கள் கொட்டகைக்குச் செய்ய வேண்டியது: கொட்டகைக்குள் சிறிய போர்டு ஒன்று வையுங்கள். அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., லைட்டுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி., பாயிண்டுகளுக்கு 16 ஆம்பியர். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைப் பார்க்காது, எம்.சி.பி. கசிவைப் பார்க்காது. இரண்டும் வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. வேண்டும். இதற்கெல்லாம் முன்பு, புதைத்த கேபிளைப் பற்றி யோசியுங்கள். கவசமில்லாத சாதாரண கேபிளை நேராக மண்ணில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஆர்மர்டு கேபிள் போடுவதுதான் சரி. அடுத்த வருடம் வாழைக்குக் குழி வெட்டுகிறவருக்குக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. மாற்றும் வரை வீட்டு முனையிலேயே ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். மண்வெட்டி கேபிளை வெட்டினாலும் வெட்டியவர் தப்புவார்.

கேள்வி: வீட்டு எர்த்தையே கொட்டகைக்கு இழுக்கலாமா, தனி ராடு அடிக்கலாமா? இரண்டு எலக்ட்ரீஷியன்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கொட்டகை தகரத்தால் ஆனது, உள்ளே ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு.

பதில்: இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு எர்த் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வகை உண்டு. வீடே சொந்த எர்த் ராடில் நிற்பது ஒன்று, அதற்குப் பெயர் டி.டி. சப்ளைக்காரர்கள் தனி எர்த் வயர் கொடுப்பது இரண்டாவது, டி.என்.எஸ். தெருவிலிருந்து வரும் நியூட்ரலே எர்த்தாகவும் வந்து, மீட்டர் அருகில் இரண்டாகப் பிரிவது மூன்றாவது, டி.என்.சி.எஸ். கட்-அவுட்டிலேயே, அதாவது தெரு வயர் வந்து சேரும் சீல் வைத்த ஃப்யூஸ் பெட்டியிலேயே, நியூட்ரலும் எர்த்தும் ஒரே முனையில் சேர்ந்திருந்தால் மூன்றாவது வகை என்று சந்தேகிக்கலாம். ஆனால் உறுதி செய்ய வேண்டியது சப்ளை கொடுப்பவர்கள்தான், அந்தப் பெட்டியின் சீலை நீங்கள் தொடக்கூடாது.

மூன்றாவது வகையில்தான் யோசிக்க வேண்டும். தெருவில் அந்த நியூட்ரல் அறுந்தால் வீட்டின் எர்த் முழுவதும் மேலே ஏறிவிடும். ஃபிரிட்ஜ் உடம்பு, குழாய், சின்க் எல்லாம் சேர்ந்தே ஏறும். வீட்டுக்குள் எல்லாமே ஒரே வோல்ட்டேஜில் இருப்பதால் பறவை கம்பியில் உட்கார்ந்த மாதிரி, தொடுகிறவருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த எர்த்தைத் தகரக் கொட்டகைக்கு இழுத்தால் கொட்டகைச் சுவரும் ஏறும். அங்கே உங்கள் கால் நிற்பது நிஜமான மண்ணில். சுவரில் கை, மண்ணில் கால். ஆர்.சி.சி.பி.யும் இதைத் தடுக்காது, ஏனென்றால் கரண்ட் வருவது அதன் வழியாக இல்லை, எர்த் வயர் வழியாக. எர்த் வயரை அது கட் பண்ணுவதே இல்லை.

அதனால் உங்களைப் போல் தகரக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், மண் தரை என்றிருந்து, வீடு அந்த மூன்றாவது வகையாகவும் இருந்தால், நான் வீட்டு எர்த்தைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். தனி ராடு, கொட்டகைக்குள் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தகரச் சுவரும் உலோகக் குழாயும் அந்தப் புது ராடோடு சேர வேண்டும். மரக் கொட்டகை, காய்ந்த பலகைத் தரை, குழாய் கிடையாது என்றால் வீட்டு எர்த்தையே மூன்றாவது கோரில் கொண்டுவரலாம். வீடு தனி எர்த் வயர் வகையாக இருந்தாலும் அப்படியே.

கொட்டகை வாசலில் நிறுத்துவது என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆர்மர்டு கேபிளின் இரும்புக் கவசம் வீட்டு முனையில் வீட்டு எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும், அதுதான் கேபிளைக் காக்கும். கொட்டகை முனையிலோ அந்தக் கவசம் எதையும் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிளாண்டை (கேபிள் நுனியை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம்) முடித்து, கவசத்தை வெட்டி, யார் கையும் படாமல் டேப் சுற்றி மூட வேண்டும். அந்த கிளாண்டைத் தகரச் சுவரில் நேராக முறுக்கினால் இத்தனை பாடும் வீண். இரண்டு எர்த்தும் அங்கே ஒன்றாகிவிடும். வேலை முடிந்ததும் ஓம் மீட்டரின் ஒரு முனையைக் கவசத்திலும் மறு முனையைத் தகரத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சப்ளை முழுக்க ஆஃப் ஆன நிலையில். நேரடித் தொடர்பு காட்டக் கூடாது.

உங்கள் வீடே ராடில் நிற்கும் முதல் வகை என்றால் கொட்டகைக்குப் போகும் லைனுக்கு வீட்டு முனையிலும் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் 30 போட்டால் கொட்டகையில் ஈரம் பட்டதும் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. வீட்டில் 100 மில்லிஆம்பியர், கொஞ்சம் தாமதித்து விழும் 'எஸ்' வகை. கொட்டகையில் உடனே விழும் 30.

கேள்வி: அண்ணா, ஒரு புதிர். மழை பெய்தால் எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. விழுகிறது. கொட்டகைதான் காரணம் என்று நினைத்து அதன் எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிட்டேன். அப்படியும் சமையலறையில் கெட்டில் போட்டவுடன் விழுகிறது. கெட்டிலைச் சோதித்தாயிற்று, நல்ல கெட்டில். எங்கே தேடுவது?

பதில்: தம்பி, கொட்டகையில்தான். நீங்கள் முதலில் நினைத்தது சரியே. ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். கொட்டகையில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஈரத்தால் சேர்ந்திருக்கின்றன. கெட்டில் எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும்போது, நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டியதில் ஒரு துளி கொட்டகை எர்த் வழியாகச் சுற்றிப் போகிறது. அந்தத் துளி 30 மில்லிஆம்பியருக்குப் போதும். பெரிய லோடு போடும்போது மட்டும் விழுவதற்குக் காரணம் அதுதான்.

மெயினை ஆஃப் செய்து, கொட்டகையின் நியூட்ரல் வயரையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பிறகு கெட்டில் போட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் தீர்ந்தது. போர்டைத் திறப்பது எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை, நீங்கள் செய்ய வேண்டாம். கழற்றிய வயரில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து எர்த்துக்கு அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அங்கே கோளாறு. நல்ல வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

சென்ற மழையில் இதே புகாருக்குப் போன இடத்தில் கூரை இறவாணத்துக்குக் கீழே ஒரு வெளி விளக்கு. மூடியைத் திறந்தேன். உள்ளே கனெக்டரைச் சுற்றி எறும்பு மண் கட்டி வைத்திருந்தது, கனெக்டரின் பித்தளையே தெரியவில்லை. வெயிலில் அந்த மண் காய்ந்து உதிரியாக இருந்ததால் ஒரு தொந்தரவும் இல்லை. மழையில் சொட்டு நீர் வயர் வழியாகவே வழிந்து வந்து அதைச் சேறாக்கிவிட்டது. கேபிள் அந்தப் பெட்டிக்குள் மேலிருந்து நுழைந்திருந்தது, அங்கேதான் தவறு. வெளிப் பெட்டிக்குக் கேபிள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும். மழை நேராக அடிக்கும் இடத்தில், தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பெட்டி போடுங்கள்.

பெட்டிகளெல்லாம் சுத்தமாக இருந்தும் எப்போதாவது விழுந்தால் கசிவுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர், சார்ஜர் போன்ற கருவிகளில் ஃபில்டர் இருப்பதால் பழுதில்லாமலே கொஞ்சம் கசியும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழலாம். வழக்கமான கசிவு 9 மில்லிஆம்பியரைத் தாண்டினால் லைன்களைப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. போடுவது நல்லது. கொட்டகையில் ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் அதற்குக் கட்டாயம் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். உடனே விழுகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அழுத்துவதை விடாதீர்கள், மிக நல்ல பழக்கம். பல வருடம் அழுத்தாமல் விட்ட ஆர்.சி.சி.பி. உள்ளே இறுகிப்போய் வேண்டிய நேரத்தில் விழாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லை. ஒரு பக்கத்து ஃபேஸிலிருந்து மறு பக்கத்து நியூட்ரலுக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செயற்கையாகக் கசிய விடுகிறது. எர்த் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாலும் பட்டன் வேலை செய்யும். எர்த்தை அளக்கத் தனி மீட்டர் வேண்டும்.

கேள்வி: 40 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போதுமா? எவ்வளவு ஆழம்?

பதில்: லைட்டும் ட்ரில்லும் மட்டும் என்றால் ஓடும். முழு 16 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 11 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ஏறக்குறைய 5 சதவீதம். 4 சதுர மில்லிமீட்டரில் அது 7 வோல்ட். பள்ளம் ஒரு முறைதான் வெட்டப் போகிறோம், நான் 4-ஐயே போடுவேன், நாளை வெல்டிங் மெஷின் வரும் என்றால் 6. ஆழம் இரண்டடிக்குக் குறைய வேண்டாம். உழவு, வேர்க் கிழங்கு, மரம் நடுதல் உள்ள இடத்தில் இன்னும் ஆழம். கல்லை நீக்கி மணல் விரித்துக் கேபிளைப் போட்டு, பாதி மூடியதும் எச்சரிக்கை டேப் ஒன்றை நீளவாக்கில் போடுங்கள். மூடும் முன் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் அளவு எடுத்து ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டால் போதும், ராடு நீளமாக வேண்டாம் என்கிறார் எங்கள் பெரியவர்.

பதில்: பெரியவர் சொல்வதில் பொய்யில்லை, உப்பு மண்ணின் ரெசிஸ்டன்ஸை நன்றாகவே குறைக்கும். ஆனால் மழைநீர் அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும், இருக்கும் வரை ராடையும் அரிக்கும். திரும்பத் திரும்பப் போட யாராவது இருக்க வேண்டும். ஆழம் அப்படியில்லை, ஒருமுறை போட்டால் போட்டதுதான். முன்பு சொன்ன 70 ஓம் மண்ணில் நாலடிக்குப் பதில் எட்டடி அடித்தால் 40 ஓமுக்கு வந்துவிடும். கோடையில் மேல் மண் காய்ந்து எண் ஏறுவதும் குறையும். கீழே பாறை தட்டினால் இரண்டு ராடு அடியுங்கள். ஆனால் அவற்றுக்கு இடையே குறைந்தது ஒரு ராடின் நீளம் இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்கு போடும். தண்ணீர்க் குழாயையே எர்த்தாக எடுக்க வேண்டாம், யாராவது ஒருநாள் நடுவில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள்.

கேள்வி: என் ட்ரில்லிங் மெஷின் பிளக்கில் எர்த் பின்னே இல்லை. ஆபத்தா?

பதில்: மெஷின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மெஷின், எர்த் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. குறி இல்லாமல் இரும்பு உடம்பாக இருந்து பின்னும் இல்லை என்றால் யாரோ பிளக்கை மாற்றியிருக்கிறார்கள். பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்து எங்கள் கொட்டகை வேலையை முடிக்கப் போகிறார். சரியாகச் செய்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, கரண்ட் பற்றி ஒன்றும் தெரியாது.

பதில்: அவரிடம் நான்கு எண் கேளுங்கள் டீச்சர். எர்த் ராடு எத்தனை ஓம். மெகரில் எத்தனை மெகா ஓம். ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியரில் எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது. கடைசிப் பாயிண்டில் லோடு போட்டபோது எத்தனை வோல்ட். ராடு 200 ஓமுக்கு மேல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கோடையில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நூறுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. மெகா ஓம் ஒன்றுக்கு மேல், மில்லிசெகண்ட் 300-க்குள். மீட்டர் இல்லாமல் வந்து பல்பைப் பிடித்துக் காட்டினால், மீட்டர் கொண்டுவரும் வரை காத்திருப்பதாக மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்கும் ஆள் கிடைத்ததில் சந்தோஷப்படுவார். நான்கு எண்ணையும் தேதியோடு போர்டு மூடியின் உள்பக்கம் அழியாத பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ராடை மட்டும் இன்னொரு முறை அளந்து அதற்குக் கீழே எழுத இடம் விட்டு வைக்கட்டும்.